கதவு திறந்துதான் இருக்கிறது

பேய்ப்படம் ஓடும் எந்தக் கொட்டகையிலும் முதல் அரைமணி நேரத்துக்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழும். "வீட்டக் காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதானடா!" நாலு பேர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்போடு அன்றைய பயம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வெள்ளைச் சேலை பறந்தாலும், கதவு படாரென்று சாத்திக்கொண்டாலும், உட்கார்ந்திருப்பவரின் உடம்பு ஒரு தரம் தூக்கிப்போடும், மனம் அசையாது. உடம்பு துள்ளுவது வேறு, மனம் அஞ்சுவது வேறு. முதலாவதை ஒலிப்பெட்டியே செய்துவிடும். இரண்டாவதற்குக் கதை வேண்டும்.

பின்வரிசைக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. குறைந்த செலவில் எடுக்கப்படும் ஒரு பேய்ப்படம் உண்மையில் பயமுறுத்துமா, இல்லையா என்பது அந்தக் கேள்விக்கு அது வைத்திருக்கும் பதிலைப் பொறுத்தது என்று நான் நம்புகிறேன். இவர்கள் ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறார்கள்? கதவு திறந்துதான் இருக்கிறது. சாலை தெரிகிறது. பஸ் ஓடுகிறது. இருந்தும் ஏன் போகவில்லை?

பணம் குறைவு என்றால் முதலில் சுருங்குவது இடம். ஒரு வீடு, நாலைந்து முகங்கள், சில இரவுகள். பெரிய முதலீட்டுப் படம் அலுத்தால் ஊர்விட்டு ஊர் போகலாம். அரங்கம் போட்டு எரிக்கலாம். சின்னப் படத்துக்கு அந்த வழி இல்லை. கையில் கிடைத்த ஒரே வீட்டுக்குள் இரண்டு மணி நேரமும் கழிய வேண்டும். அதனால் அதில் வரும் மனிதர்களும் அந்த வீட்டைவிட்டு வெளியேற முடியாதவர்களாக இருக்க வேண்டும். தயாரிப்பாளரின் கஷ்டம் கதாபாத்திரத்தின் கஷ்டமாக மாறும் இடம் இது. அந்த மாற்றத்தை நேர்மையாகச் செய்த படங்கள் நிலைத்தன.

1968இல் வெளிவந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தை ஜார்ஜ் ரொமேரோ பிட்ஸ்பர்க் நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணைவீட்டில் எடுத்தார். செலவு சுமார் 1,14,000 டாலர். வெளியே நடமாடும் பிணங்கள். உள்ளே ஒருவரையொருவர் நம்பாத ஏழெட்டுப் பேர். தரைத்தளத்தில் இருப்பதா, நிலவறையில் ஒளிவதா என்ற சண்டைதான் படத்தின் பெரும்பகுதி. 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' 1999இல் வெளிவந்தது. காட்டில் வழிதவறிய மூன்று மாணவர்கள். நடிகர்கள் கையிலேயே கேமரா. படப்பிடிப்பு நாள் கூடக்கூட அவர்களுக்குக் கொடுத்த சாப்பாட்டைக் குறைத்தார்கள் இயக்குநர்கள். திரையில் தெரியும் எரிச்சலிலும் சோர்விலும் பாதி உண்மையான பசி. சூனியக்காரி கடைசிவரை கண்ணில் படுவதில்லை. ஓரென் பெலி தன் சொந்த வீட்டிலேயே ஏழு நாளில், ஏறக்குறைய 15,000 டாலரில் 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' எடுத்தார். அதில் பின்வரிசைக் கேள்விக்கு நேரடியான பதில் உண்டு: பேய் வீட்டைப் பிடிக்கவில்லை, அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது; எங்கே போனாலும் கூடவே வரும். இதைச் சொன்ன மறுநொடியே அசையாமல் நிற்கும் கேமராவும், மூலையில் ஓடும் கடிகார எண்களும், திறந்து கிடக்கும் படுக்கையறைக் கதவும் வேறு அர்த்தம் பெறுகின்றன. ஒன்றுமே நடக்காத சட்டத்தை நாம் அங்குலம் அங்குலமாகத் தேட ஆரம்பிக்கிறோம்.

மூன்று படத்துக்கும் பொது அம்சம் இருட்டு என்று சொல்வார்கள். எனக்குப் படுவது வேறு. மூன்றிலும் போக்கிடம் இல்லை.

*

இந்த அறிவு தமிழுக்குப் புதிதும் இல்லை, சினிமா கொண்டுவந்ததும் இல்லை. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் நீலி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முற்பிறவியில் தன்னைக் கொன்றவனைப் பழிவாங்க அலையும் பேய், ஒரு வணிகனின் மனைவியைப் போல உருவெடுத்து, கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பழையனூருக்கு வருகிறது. அவன் அலறுகிறான்: இவள் என் பெண்சாதி இல்லை, பேய். ஊர்ப் பெரியவர்கள், வேளாளர் எழுபது பேர், கூடி விசாரிக்கிறார்கள். கையில் பிள்ளையோடு அழுகிறவளை எப்படிக் கைவிடுவது? இரவு நீ இவளோடு தங்கு, உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்கிறார்கள். அவன் காவலுக்கு வைத்திருந்த வாளையும் வாங்கிக்கொள்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இந்தக் கதைக்குள் கோரைப்பல் இல்லை, பறக்கும் தலை இல்லை. ஒரு கள்ளிக்கட்டை, ஒரு பெண்ணின் அழுகை, ஒரு பூட்டிய அறை. ஆனாலும் பல நூற்றாண்டு கடந்தும் நெஞ்சைப் பிடிக்கிறது. காரணம், அவனை அறைக்குள் தள்ளுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஊரிலேயே நல்லவர்கள். இரக்கத்தோடும் நியாயத்தோடும் பேசுகிறவர்கள். தப்பிக்கும் வழியை அடைப்பது அறம். பேயைக் காட்டிலும் அந்தப் பஞ்சாயத்துதான் எனக்குக் குலைநடுக்கம் தருகிறது. உண்மை தெரிந்த ஒருவன், அதை யாரிடமும் நிரூபிக்க முடியாமல், மரியாதைக்குரியவர்களின் கையால் பேயிடம் ஒப்படைக்கப்படுகிறான்.

எங்கள் கடலூர் மாவட்டத்துத் திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தன், 'காஞ்சனை' கதையில் இதே நரம்பைத்தான் தொட்டார். ஓர் எழுத்தாளன், அவன் மனைவி, பிச்சை கேட்டு வந்து வீட்டோடு தங்கிவிட்ட ஒரு பெண். நடுராத்திரியில் ஒரு வாசனை. அவ்வளவுதான் அதன் செலவு. அவளை வெளியே அனுப்பிவிட்டால் கதை இரண்டாம் பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் வீட்டுக்காரி இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டவளை எந்தக் காரணத்தைச் சொல்லி விரட்டுவது? சந்தேகம் என்றா? வாசனை என்றா? படித்தவன் அதைச் சொல்லவும் கூச வேண்டும். அவன் கூச்சமே அவனுக்குப் பூட்டு. கதையின் முடிவிலும் நடந்தது என்ன என்று அவனால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

தமிழ்த் திரையில் இந்த வழியை முன்பே கண்டவர் வீணை எஸ். பாலச்சந்தர். 1954இல் பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' எடுத்தவர், 1970இல் வெளிவந்த 'நடு இரவில்' படத்தில் ஒரு பெரிய வீட்டுக்குள் உறவினர் கூட்டத்தை அடைத்தார். சொத்தின் மேல் ஒரு கண் வைத்து வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கிளம்பினால் பங்கு போகும். ஆசைதான் அங்கே தாழ்ப்பாள். நாதத்தையும் அதன் இடைவெளியையும் வாழ்நாளெல்லாம் கேட்டுப் பழகிய செவி பாலச்சந்தருடையது. ஒலி எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

*

2009இல் வந்த விக்ரம் குமாரின் 'யாவரும் நலம்' படத்தில் ஒரு கூட்டுக்குடும்பம் பதின்மூன்றாம் மாடியில் புதிதாக வாங்கிய வீட்டுக்குக் குடிவருகிறது. பால் தினமும் திரிகிறது. சாமிப் படம் மாட்டச் சுவரில் ஆணி இறங்கமாட்டேன் என்கிறது. மாதவன் தனியாக ஏறினால் லிப்ட் நகராது. அந்த வீட்டுக்குள் எடுத்தால் செல்போனில் முகம் கோணலாகப் பதிவாகிறது. பகல் ஒரு மணிக்குத் தொலைக்காட்சியில் ஒரு தொடர். அதில் வரும் குடும்பத்துக்கு நடப்பதெல்லாம் இந்தக் குடும்பத்துக்கு நடக்கிறது. பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவு சாதாரண வரவேற்பறையையே நம்பமுடியாத இடமாக்கியது உண்மைதான். ஆனால் பயத்துக்கான பொருள்கள் என்னவென்று எண்ணிப்பாருங்கள்: பால், ஆணி, லிப்ட், டிவி. எல்லாம் நம் வீட்டிலும் இருப்பவை. இன்னொன்றும் நம் வீட்டில் இருக்கிறது: வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய சுவர்கள். பால் திரிந்ததற்காக யாரும் சொந்த வீட்டை விட்டுப் போகமாட்டார்கள். தவணை கட்டுகிற எவருக்கும் அதை விளக்கத் தேவையில்லை.

அஸ்வின் சரவணனின் 'மாயா' (2015) கதையில் கைக்குழந்தையோடு தனியாக நிற்கும் நடிகை அப்சரா, பண நெருக்கடியில் ஒரு சவாலை ஏற்கிறாள்: ஆளில்லாத கொட்டகையில் தனியாக உட்கார்ந்து ஒரு பேய்ப்படத்தை முழுக்கப் பார்த்து முடித்தால் பரிசுப் பணம். எழுந்து போக யாரும் தடையில்லை. பணம் வேண்டும் என்பது மட்டும்தான் தடை. அதே ஆண்டு வந்த அஜய் ஞானமுத்துவின் 'டிமான்டி காலனி' படத்தில் நான்கு நண்பர்கள், ஓர் அறை, பாழடைந்த பங்களாவிலிருந்து கூடவே வந்துவிட்ட ஒரு நகை. மலையாளத்தில் ராகுல் சதாசிவனின் 'பூதகாலம்' (2022) இன்னும் நெருக்கமானது. வாடகை வீட்டில் மனச்சோர்வுள்ள அம்மா, வேலை கிடைக்காத மகன். இருவரும் தனித்தனியே எதையோ காண்கிறார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் நோய் என்று நினைக்கிறார். ரேவதியும் ஷேன் நிகமும் ஒரே கூரைக்குள் இருந்துகொண்டு பேச்சில்லாமல் விலகி நிற்பதைப் பார்க்கையில், பேய் வந்தால்கூட இவர்களுக்கு ஆறுதல்தானே என்று தோன்றிவிடுகிறது.

'பீட்சா'வை இந்த வரிசையில் தனியாக வைத்துப் பேச வேண்டும். கார்த்திக் சுப்புராஜ் முதலில் எடுக்க நினைத்தது 'ஜிகர்தண்டா'. அதற்கான செலவைப் போடத் தயாரிப்பாளர் கிடைக்கவில்லை. குறைந்த செலவில் முடியக்கூடிய கதையாக எழுதினார், சி.வி. குமார் தயாரித்தார், 2012 அக்டோபரில் வந்தது. பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் மைக்கேல் ஒரு பங்களாவுக்குள் மாட்டிக்கொள்கிறான். பணம் எடுத்துவர மாடிக்குப் போன பெண் திரும்பவில்லை. மின்சாரம் போகிறது. அவன் கையில் ஒரு டார்ச். கோபி அமர்நாத்தின் கேமரா அந்த வட்டத்துக்குள் விழுவதை மட்டும் நமக்குத் தருகிறது. சந்தோஷ் நாராயணனின் இசை மற்றதைச் சொல்லாமல் சொல்கிறது.

படம் வந்து பத்தாண்டுக்கு மேலாகிவிட்டதால் மர்மத்தை உடைத்துப் பேசலாம். அந்த பங்களா இரவு முழுவதும் மைக்கேல் கட்டிய கதை. முதலாளியின் வைரங்களை எடுத்துக்கொள்ள அவனும் அவன் காதலி அனுவும் சேர்ந்து புனைந்தது. முதலாளி தன் மகளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஏற்கெனவே அஞ்சிக்கொண்டிருப்பவர். அந்த அச்சம் அவர்களுக்குத் தெரியும். ஆக, நாம் பார்த்தது குறைந்த செலவில் எடுத்த ஒரு படத்துக்குள், செலவே இல்லாமல் நிகழ்த்தப்பட்ட இன்னொரு படம். அதற்கு வேண்டியிருந்தது வியர்த்த ஒரு முகமும், நடுங்கும் ஒரு குரலும், கேட்பவர் மனசில் ஏற்கெனவே இருந்த ஒரு பயமும்தான். மைக்கேலாக விஜய் சேதுபதி அந்தக் கதையைச் சொல்லும்போது நாமும் முதலாளியோடு சேர்ந்து நம்பினோம். பேய்ப்படம் எப்படி வேலை செய்கிறது என்பதற்குத் தமிழில் இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. நாளைக்குக் குழந்தை பிறக்கப்போகும், கையில் காசில்லாத இரண்டு பேருக்கு இருந்த ஒரே மூலதனம் கதைசொல்லும் திறமை. படமெடுத்தவருக்கும் அதுவேதான் மூலதனமாக இருந்தது.

*

'முனி', 'காஞ்சனா', 'அரண்மனை' என்று பெருகிய படங்களைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவற்றைக் குடும்பத்தோடு போய்ப் பார்த்து மக்கள் மகிழ்ந்தார்கள். 'காஞ்சனா'வில் கொல்லப்பட்ட திருநங்கையின் கோபம் உண்மையான கோபம். அந்தப் பாத்திரத்துக்காகக் கண்கலங்கியவர்கள் உண்டு. ஆனால் பயந்தவுடன் சிரிக்கவைத்துவிட வேண்டும் என்ற ஏற்பாடு, அந்தக் கோபத்தை வீட்டுக்கு எடுத்துப்போகவிடாமல் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறது. சிரிப்பும் ஒரு கதவு. பார்ப்பவர் தப்பிக்க அது திறந்தே இருந்தால் பயம் தங்காது.

இப்போது இன்னொரு கதவும் வந்துவிட்டது. முன்பு கொட்டகை இருட்டில் நாமும் அடைபட்டிருந்தோம். பக்கத்தில் இருப்பவர் மூச்சு கேட்கும். எழுந்துபோக வெட்கமாக இருக்கும். இன்று செல்போனில் பார்க்கிறோம். பயம் வந்தால் விரலால் நிறுத்திவிட்டு வேறொன்றுக்குப் போகலாம். கொட்டகை செய்து கொடுத்த பாதி வேலையை இனி கதையே செய்தாக வேண்டும். பார்ப்பவரைக் கட்டிப்போட ஒரே வழி, அவர் விட்டுவிட்டுப் போக மனசு வராத ஒரு மனிதரைத் திரையில் உண்டாக்குவது. அந்த அம்மாவை அந்த வீட்டில் தனியாக விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன் என்று தோன்ற வேண்டும்.

பயம் எங்கே குடியிருக்கிறது என்பதை எங்கள் பக்கத்து ஜனங்கள் சினிமா பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில். வராத கடன், களவுபோன நகை, ஏமாற்றிய பங்காளி என்று தன் குறையைத் தாளில் எழுதி, பூசை செய்து, அங்கே முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருவார்கள். பிராது கட்டுவது என்று பெயர். மூன்று மாதத்தில் தீர்ப்பு வரும் என்பது நம்பிக்கை. தன்மேல் பிராது கட்டியிருக்கிறது என்று காதில் விழுந்தவன் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அவன் முன்னால் யாரும் நிற்கவில்லை. அரிவாள் இல்லை, அருள்வாக்கு இல்லை. எங்கோ ஒரு கோயிலில் நூலில் சுருட்டிக் கட்டிய ஒரு தாள். மாடு படுத்தால் அதனால்தானோ, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதனால்தானோ என்று அவன் மனசே அவனைத் துரத்தும். குற்றமற்றவனை அந்தத் தாள் ஒன்றும் செய்யாது. செய்தவனுக்கு ஊரைவிட்டு ஓடியும் பயனில்லை. தான் செய்தது தனக்குத் தெரியும் என்பதிலிருந்து எங்கே தப்பிப்பது? தமிழ்ப் பேய்களுக்கும் இதே குணம். யாரோ ஒருவர் யாருக்கோ செய்த கொடுமையின் பாக்கி அவை. உடுக்கை அடித்துப் பேயோட்டுகிறவர் முதலில் கேட்பதும் நீ யார், எந்த ஊர், உனக்கு என்ன வேண்டும் என்பதுதான். கணக்கு தெரியாமல் பேயை அனுப்ப முடியாது.

மங்கலம்பேட்டையிலும் விருத்தாசலத்திலும் இன்று செல்போனோடும் நாலு நண்பர்களோடும் குறும்படம் எடுக்க நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பேய்ப்படம் என்றதும் அவர்கள் தேடுவது பாழடைந்த பங்களாவை. எங்கள் பக்கத்தில் பங்களாவுக்கு எங்கே போவது? ஆனால் பீங்கான் சூளை இருக்கிறது. கொலு பொம்மையும் அகல் விளக்கும் செய்து பிழைக்கிற பூமி இது. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தர அரசு நிறுவனமே இங்கே உண்டு. சூளையில் ஒரு விதி: மூட்டிய தீயை இடையில் விட்டுவிட்டு வரக்கூடாது. ஆயிரம் டிகிரியைத் தாண்டும் சூடு படிப்படியாக ஏற வேண்டும், படிப்படியாக இறங்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே இருக்கும் சரக்கு விரிசல் விட்டுவிடும்.

இப்போது ஒரு கதை. நவராத்திரிக்கு முந்தைய வாரம். முன்பணம் வாங்கிய ஒருவன் இரவுக் காவலுக்குத் தனியாக இருக்கிறான். தீ ஏறிக்கொண்டிருக்கிறது. கொட்டகைக்குள் காயவைத்த பொம்மைகள், இன்னும் கண் எழுதாதவை, வரிசையாக நிற்கின்றன. நள்ளிரவுக்கு மேல் அந்த வரிசையின் பின்னாலிருந்து, போன வருடம் இதே சூளையில் இறந்துபோன தம்பியின் குரல் கூப்பிடுகிறது: "அண்ணே, தண்ணி குடுண்ணே." அவன் ஓடலாம். ஓடினால் சரக்கு போகும். முதலாளியின் கடன் இன்னொரு வருடம் ஏறும். மகள் பள்ளிக்கூடம் நிற்கும். அதைவிட, கேட்பது தம்பி. தண்ணீர் கேட்கிறவனை விட்டுவிட்டு எப்படி ஓடுவது? உயிரோடு இருந்தபோது அவன் கேட்டதற்கு ஓடிவராமல் இருந்த ஒரு நிமிடம் அண்ணனுக்கு நினைவிருந்தால், அதன்பின் இந்தப் படத்துக்கு ஒரு பைசா ஒப்பனை தேவைப்படாது.

பேயைக் காட்டுவதா, மறைப்பதா என்ற கேள்விக்கும் சூளைக்காரரிடம் விடை உண்டு. பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, மண் அதன் சுவரில் படியும். வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். சீக்கிரம் கொட்டினால் பொம்மை பிடி தாங்காது; தாமதித்தால் கனத்துப்போய்ச் சூளையில் வெடிக்கும். பேயும் அப்படித்தான். ஒன்றுமே காட்டாத படம் ஏமாற்றம் தரும். எல்லாம் காட்டிய படம் தன் கனத்தாலேயே வெடிக்கும். பார்ப்பவர் மனசில் எவ்வளவு படிந்திருக்கிறது என்று அறிந்து கொட்டத் தெரிந்தவர் கலைஞர்.

படமெடுக்கப் போகும் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். முதல் பக்கத்தில் பேயை எழுதாதீர்கள். உங்கள் மனிதர் ஏன் போக முடியவில்லை என்பதை எழுதுங்கள். கடனா, வாக்கா, வயதான தாயா, செய்த பாவமா? அது உங்கள் தெருவில் நீங்களே பார்த்த காரணமாக இருக்கட்டும். நம்மில் பலரும் ஏதோ ஒரு வீட்டை, வேலையை, உறவை, கதவு திறந்திருந்தும் விட்டுப்போக முடியாமல் இருப்பவர்கள்தான். அதை உண்மையாகச் சொல்லிவிட்டால் பின்வரிசைக்காரர் இனி அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார். அதற்கான பதில் அவருக்கே தெரியும்.